எச்.ஐ.வி. தொற்று: நம்மவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை

“அது நம்மட ஆக்களுக்கு வாற வருத்தமில்ல.” எச்.ஐ.வி. பற்றி நமது ஊர்களில் பேச்செடுத்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. மதுவையும் திருமணத்துக்கு வெளியிலான உறவையும் விலக்கிய வாழ்க்கை முறை, இந்த வைரஸ் பரவும் பிரதான வழியை அடைத்து விடுகிறது. ஆனால் மற்ற வழிகளும் அதோடு அடைபட்டு விட்டன என்று நினைப்பது தவறு. சமூகத்தில் எல்லோரும் எந்நேரமும் அந்த ஒழுங்கின்படியே வாழ்கிறார்கள் என்று நினைப்பதும் தவறு. இந்த நினைப்பினால் வரும் கெடுதி சின்னதல்ல. தொற்று உள்ளவர் தனக்கு அது இருக்கலாம் என்று சந்தேகிப்பதே இல்லை, அதனால் பரிசோதிக்கப் போவதில்லை, மருந்தும் எடுப்பதில்லை. கடைசியில் ஒரு பாவமும் அறியாத மனைவிக்கும் பிள்ளைக்கும் அது போய்ச் சேருகிறது.

2023ஆம் ஆண்டின் முடிவில் உலகில் ஏறக்குறைய 4 கோடிப் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுமார் 13 இலட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றியது. 6 இலட்சத்துக்கும் அதிகமானோர் மரணித்தார்கள். இலங்கையில் முதலாவது தொற்று 1987இல் பதிவானது. நமது நாடு இன்றும் தொற்று குறைந்த நாடுகளின் வரிசையில்தான் இருக்கிறது. ஆனால் குறைவு என்பதற்கு இல்லை என்று அர்த்தமாகாது.

எச்.ஐ.வி. வேறு, எயிட்ஸ் வேறு

இரண்டையும் ஒன்றாகவே பலரும் கதைக்கிறார்கள். எச்.ஐ.வி. என்பது ஒரு வைரஸ். எயிட்ஸ் என்பது, அந்த வைரஸ் பல வருடங்களாக உடலில் தடையின்றிப் பெருகிய பிறகு ஏற்படும் கடைசிக் கட்டம். 1981 ஜூனில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வமான நுரையீரல் தொற்றுப் பற்றிய அறிக்கையோடு இந்த நோய் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்சுவா பாரே சினூசியும் லுக் மொண்டனியேயும் அவர்களது குழுவினரும் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதற்காக அவ்விருவருக்கும் 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

நமது இரத்தத்தில் நோய்க் கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்களில் ‘சிடி4’ என்று ஒரு வகை உண்டு. உடலின் பாதுகாப்புப் படைக்கு உத்தரவு கொடுப்பவை இவைதான். எச்.ஐ.வி. குறிவைப்பது இவற்றையே. அது அணுவுக்குள் புகுந்து, தனது மரபுக் குறிப்பை அந்த அணுவின் மரபணுவுக்குள்ளேயே சேர்த்து எழுதி விடுகிறது. பிறகு அந்த அணுவைக் கொண்டே தனது பிரதிகளைத் தயாரிக்கிறது. சில அணுக்களில் ஒன்றும் செய்யாமல் பல வருடங்கள் ஒளிந்தும் இருக்கும். மருந்தினால் இதைக் கட்டுப்படுத்த முடிந்தாலும் முற்றாக அகற்ற முடியாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் சுமார் 500 முதல் 1500 வரை சிடி4 அணுக்கள் இருக்கும். அது 200க்குக் கீழே இறங்கினால், அல்லது உடல் பலமாக இருக்கும்போது வராத சில நோய்கள் வந்தால், அதை எயிட்ஸ் என்கிறோம். மருந்தில்லாமல் விட்டால் இந்த நிலையை அடைய அநேகருக்கு 8 முதல் 10 வருடங்கள் வரை எடுக்கும்.

கவனிக்க வேண்டியது அந்த இடைப்பட்ட காலம்தான். தொற்றிய சில வாரங்களில் காய்ச்சல், தொண்டை நோவு, தோலில் சிவப்புப் புள்ளிகள் என்று ஏதாவது வரலாம், வராமலும் விடலாம். வந்தாலும் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று பனடோல் குடித்துவிட்டு மறந்து விடுவோம். அதன் பிறகு வருடக் கணக்கில் ஒன்றுமே தெரியாது. ஆள் கடைக்குப் போவார், தொழுவார், கல்யாணம் முடிப்பார், பிள்ளை பெறுவார். முகத்தைப் பார்த்து, உடம்பைப் பார்த்து இவருக்கு இருக்கிறது, இவருக்கு இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. “ஆள் நல்லா மெலிஞ்சு போயிட்டார், அந்த வருத்தமாத்தான் இருக்கும்” என்று சந்தியில் நின்று தீர்ப்புச் சொல்வது பாவம் மட்டுமல்ல, மருத்துவ ரீதியாகப் பார்த்தாலும் அர்த்தமில்லாத பேச்சு.

எப்படிப் பரவும், எப்படிப் பரவாது

பரவும் வழிகள் சிலதான். முதலாவது, தொற்றுள்ள ஒருவருடன் பாதுகாப்பில்லாத பாலுறவு. உலகில் பெரும்பாலான தொற்றுக்கள் இப்படித்தான் ஏற்படுகின்றன. இரண்டாவது, தொற்றுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி, சிரிஞ்ச், வெட்டும் கருவி போன்றவற்றை மற்றவர் பாவிப்பது. மூன்றாவது, பரிசோதிக்காத இரத்தத்தை ஏற்றுவது. நான்காவது, கர்ப்பத்தில், பிரசவத்தில், அல்லது பாலூட்டும்போது தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்வது.

கை கொடுப்பதால், ஆரத் தழுவுவதால், ஒரே சஹனில் சாப்பிடுவதால், ஒரே கோப்பையில் குடிப்பதால், பக்கத்தில் நின்று தொழுவதால், ஒரே ஹவுழில் வுழூச் செய்வதால், மலசலகூடத்தால், இருமலால், தும்மலால், கண்ணீரால், வியர்வையால் இது பரவாது. உடலுக்கு வெளியே இந்த வைரஸ் மிகவும் பலவீனமானது.

நுளம்பு கடித்தால் வருமா என்று இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். டெங்குவைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தச் சந்தேகம் வருவது இயல்பு. டெங்கு வைரஸ் நுளம்பின் உடலுக்குள் பெருகி அதன் உமிழ்நீருக்கு வருகிறது; கடிக்கும்போது நுளம்பு நமக்குள் செலுத்துவது அந்த உமிழ்நீரைத்தான். எச்.ஐ.வி.க்கு நுளம்புக்குள் பெருகத் தெரியாது. அது அங்கேயே சமிபாடடைந்து அழிந்து விடும்.

இந்த நோய் வந்தாலே ஒழுக்கக் கேடு என்று முடிவு கட்டுபவர்கள் ஒரு சம்பவத்தை அறிந்து வைத்திருப்பது நல்லது. 2019இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், லார்கானா மாவட்டத்து ரத்தோதேரோ என்ற ஊரில் திடீரென்று நூற்றுக்கணக்கானோருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிய வந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள். காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்தெடுக்கப் போன இடங்களில் ஒரே சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் பாவித்தமை முக்கிய காரணமாகக் கண்டறியப்பட்டது. அந்தப் பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பற்றி யார் என்ன சொல்ல முடியும்? நமது நாட்டிலும், விபத்தில் காயமடைந்து இரத்தம் ஏற்றப்பட்டதால் தொற்றுக்குள்ளான குழந்தை நல வைத்தியர் டாக்டர் கமலிகா அபேரத்ன, அதை மறைக்காமல் வெளியே சொல்லி, தன்னைப் போன்றவர்களுக்காகக் கடைசி வரை குரல் கொடுத்தார். இன்று இலங்கையில் தானமாகப் பெறும் இரத்தம் எல்லாம் எச்.ஐ.வி.க்காகப் பரிசோதிக்கப்பட்ட பிறகே ஏற்றப்படுகிறது. இரத்தம் கொடுப்பவருக்கும் புதிய ஊசிதான் பாவிக்கப்படுகிறது. ஆகவே இரத்த தானம் செய்யப் பயப்படத் தேவையில்லை.

நமது வழக்கங்களில் கவனிக்க வேண்டியவை

கத்னாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கத்னா செய்தவர்களுக்கு எச்.ஐ.வி. வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தென்னாபிரிக்கா, கென்யா, உகண்டா ஆகிய நாடுகளில் செய்யப்பட்டு 2005க்கும் 2007க்கும் இடையில் முடிவுகள் வெளியான மூன்று பெரிய ஆய்வுகளில், கத்னா செய்த ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 60 வீதம் குறைந்தது உண்மைதான். உலக சுகாதார நிறுவனமும் 2007இல் இதை ஏற்று, தொற்று அதிகமுள்ள நாடுகளுக்குச் சிபாரிசு செய்தது. ஆனால் மிச்சம் 40 வீதம் இருக்கிறது. அதோடு, கணவனுக்குத் தொற்று இருந்தால் அவனது கத்னா மனைவியைக் காப்பாற்றாது. ஆண்களுக்கிடையிலான உறவிலும் அதை நம்பி இருக்க முடியாது. இலங்கையில் அண்மைக் காலத்தில் பதிவாகும் புதிய தொற்றுக்களில் கணிசமான பங்கு அந்த வழியாக வருவது என்பதை, கதைக்கக் கூச்சமாக இருந்தாலும், இளைஞர்களின் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

கத்னா செய்யும் கருவியும் முக்கியம். ஒஸ்தா மாமா ஒரே நாளில் பல பிள்ளைகளுக்குச் செய்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிய பிளேட், அல்லது முறையாகக் கிருமி நீக்கிய கருவி இருக்க வேண்டும். சுடுதண்ணீரில் கழுவி எடுப்பது போதாது. வைத்தியசாலையில் அல்லது தகுதியான வைத்தியரிடம் செய்வது மேல்.

ஹிஜாமாவும் அப்படித்தான். தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் வேலை அது. பிளேட்டும் கப்பும் ஒருவருக்கு மட்டும் பாவித்து வீசப்பட வேண்டும். செய்பவர் கையுறை அணிய வேண்டும். பொதியை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். அதற்குக் கோபப்படுகிற ஆளிடம் செய்யாமல் விடுவதே நல்லது. சலூனில் சவரம் செய்யும்போதும் புதிய பிளேட் கேட்பதில் வெட்கமில்லை. சலூனில் எச்.ஐ.வி. தொற்றுவது மிகவும் அரிது. ஆனால் அதே பிளேட் வழியாக ஈரலைத் தாக்கும் பீ, சீ வகைச் செங்கண்மாரி வைரஸ்கள் அதைவிட இலேசாகப் பரவும்.

அடுத்தது வெளிநாட்டு வாழ்க்கை. கட்டாரிலும் சவூதியிலும் இரண்டு, மூன்று வருடங்கள் தனியே இருந்துவிட்டு வரும் ஆண்களும், வீட்டு வேலைக்குப் போய் அங்கே வன்முறைக்கு ஆளாகும் பெண்களும் நம் மத்தியில் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போக முன்னர் மெடிக்கலில் எச்.ஐ.வி. பரிசோதனை உண்டு. அதில் ‘அன்ஃபிட்’ என்று வந்தால், பயணம் சரிவரவில்லை என்று சும்மா இருந்து விடாமல், எதனால் அன்ஃபிட் என்று கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். அங்கிருந்து திரும்பி வந்த பிறகும் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்வது, வீட்டிலிருப்பவர்களுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

போதைப் பொருளையும் விட்டுவிட முடியாது. ஊசி பகிர்வது நேரடி ஆபத்து. ஊசி பாவிக்காத ‘ஐஸ்’ போன்றவையும் நிதானத்தை இழக்கச் செய்து, மற்ற நேரத்தில் செய்யாத காரியங்களில் ஒருவரைத் தள்ளி விடுகின்றன.

தடுப்பது எப்படி

திருமணத்துக்கு முன்பும் வெளியேயும் உறவைத் தவிர்ப்பதும், திருமணத்துள் இருவரும் ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்பதும் முதலாவது பாதுகாப்பு. மார்க்கம் சொல்வதும் மருத்துவம் சொல்வதும் இதில் ஒன்றே. ஆனால் இந்தப் பாதுகாப்பு இரண்டு பேரையும் சேர்த்தே தங்கியிருக்கிறது. மனைவி எவ்வளவு பேணுதலாக இருந்தாலும் கணவன் பழைய தொற்றொன்றோடு வந்திருந்தால் அவளது பேணுதல் அவளைக் காப்பாற்றாது. ஆகவே நிகாஹுக்கு முன் மாப்பிள்ளையும் பெண்ணும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதை ஒரு சாதாரண வழக்கமாக்குவது நல்லது. வீடு வாசல், தொழில், குடும்பம் எல்லாம் விசாரிக்கிறோம்; இதையும் சேர்த்துக்கொள்ளலாம். இருவருக்கும் செய்தால் யாரும் யாரையும் சந்தேகிப்பதாகாது.

ஆணுறையை ஒவ்வொரு தடவையும் சரியாகப் பாவித்தால் தொற்றும் வாய்ப்பை அது பெருமளவு குறைக்கும். ஹராத்துக்கு அது அனுமதிச் சீட்டு அல்ல. ஆனால் கணவன் மனைவியில் ஒருவருக்குத் தொற்று இருந்து, சிகிச்சை இன்னும் பலன் தரத் தொடங்காத காலத்தில், மற்றவரின் உயிரைப் பாதுகாக்கும் ஹலாலான கருவி அது.

தொற்றும் அபாயம் ஏற்கெனவே நடந்து விட்டால் அதற்கும் வழியுண்டு. வைத்தியசாலை ஊழியருக்கு ஊசி குத்தி விட்டது, ஒரு பெண் வன்முறைக்கு ஆளாகி விட்டாள், ஒருவர் தவறி விட்டார் என்று வைத்துக்கொள்வோம். 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் தொடர்ந்து எடுத்தால் தொற்றைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். மணிக்கணக்கு இங்கே முக்கியம். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. அபாயம் தொடர்ந்து உள்ளவர்களுக்கு முன்கூட்டியே எடுக்கும் மருந்தும் இருக்கிறது. வைத்தியரிடம் இவற்றைக் கேட்க வெட்கப்படக் கூடாது.

தாய்மார் விஷயத்தில் இலங்கை ஒரு நல்ல முன்மாதிரி. கர்ப்பிணிகளுக்கான கிளினிக்கில் எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரிசோதிக்கப்படுகின்றன. சிகிச்சை இல்லாவிட்டால் தொற்றுள்ள தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு 15 முதல் 45 வீதம் வரை. சரியான சிகிச்சையோடு அது 5 வீதத்துக்கும் கீழே இறங்கும். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. ஆகவே மிட்வைஃப் இரத்தப் பரிசோதனைக்குச் சொன்னால் “நமக்கெதுக்கு அது” என்று தட்டிக் கழிக்க வேண்டாம். தொற்றுள்ள தாய், பாலூட்டுவது பற்றி வைத்தியரின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும்.

பரிசோதனை

தொற்றிய மறுநாளே பரிசோதனையில் தெரியாது. இப்போதுள்ள ஆய்வுகூடப் பரிசோதனைகள் பெரும்பாலும் 6 வாரத்தில் காட்டி விடும். விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் செய்யும் விரைவுப் பரிசோதனைக்கு 3 மாதம் வரை எடுக்கலாம். அந்த இடைவெளியில் ‘இல்லை’ என்று வந்தால் அதை முடிவாகக் கொள்ளாமல், காலம் கடந்து மீண்டும் செய்ய வேண்டும்.

தேசிய பாலியல்நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் அரச வைத்தியசாலைகளோடு இணைந்த பாலியல் நோய் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. பரிசோதனையும் ஆலோசனையும் மருந்தும் அங்கே இலவசம். யாருடைய கடிதமும் கொண்டு போகத் தேவையில்லை. விபரங்கள் இரகசியமாகவே வைக்கப்படும். சொந்த ஊரில் தெரிந்தவர் கண்ணில் படப் பயமென்றால் அடுத்த மாவட்டத்துக்குப் போகலாம். போகாமல் இருப்பதுதான் பிழை.

மருந்து இருக்கிறது

எச்.ஐ.வி. என்றால் மரணம் என்ற காலம் போய்விட்டது. 1996இல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்ததிலிருந்து நிலைமை மாறியது. இப்போது அநேகருக்கு நாளைக்கு ஒரு குளிசை போதும். நேரத்தோடு தொடங்கி ஒழுங்காக எடுப்பவர், மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழலாம், தொழில் செய்யலாம், கல்யாணம் முடிக்கலாம், தொற்றில்லாத பிள்ளைகளைப் பெறலாம்.

அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. மருந்தை ஒழுங்காக எடுக்கும்போது இரத்தத்தில் வைரஸின் அளவு, பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்து விடும். அந்த நிலையைத் தொடர்ந்து பேணுபவரிடமிருந்து பாலுறவின் மூலம் துணைக்குத் தொற்றாது. ஐரோப்பாவில் ஆயிரத்துக்கும் அதிகமான தம்பதிகளையும் துணைகளையும் வருடக் கணக்கில் பின்தொடர்ந்து 2016இலும் 2019இலும் வெளியான ‘பார்ட்னர்’ ஆய்வுகளில், இப்படி ஒரு தொற்றுக்கூட நிகழவில்லை. ஆகவே மருந்து குடிப்பது தன்னை மட்டுமல்ல, குடும்பத்தையும் பாதுகாப்பதாகும்.

குளிசையை இடையில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வைரஸ் திரும்பப் பெருகும். அந்த மருந்துக்கு மசியாமலும் போகலாம். ரமழானில் நோன்பு பிடிக்க விரும்புபவர், முன்கூட்டியே வைத்தியரோடு கதைத்துக் குளிசையின் நேரத்தை இஃப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றிக்கொள்ளலாம்.

கருஞ்சீரகமும் தேனும் நல்லவைதான். ஓதிப் பார்ப்பதும் துஆக் கேட்பதும் மனதுக்குப் பலம். ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு மருந்தை நிறுத்தச் சொல்பவரை நம்பக் கூடாது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் காம்பியாவில், அப்போதைய ஜனாதிபதி யஹ்யா ஜாமே 2007இல் தான் மூலிகையால் எயிட்ஸைக் குணப்படுத்துவதாக அறிவித்தார். நோயாளிகள் தமது வழமையான மருந்தை நிறுத்த வைக்கப்பட்டார்கள். பலருடைய நிலை மோசமானது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. அவர் பதவியிழந்த பிறகு, 2018இல், தப்பிப் பிழைத்தவர்கள் சிலர் அவருக்கெதிராக வழக்குத் தொடர்ந்தார்கள்.

பள்ளிவாசலும் ஊரும் செய்யக் கூடியவை

இதில் நமக்கு முன் நடந்தவர்கள் இருக்கிறார்கள். உகண்டாவின் இஸ்லாமிய மருத்துவச் சங்கம், 1990களின் ஆரம்பத்தில் இமாம்களையும் அவர்களுக்கு உதவியாகத் தொண்டர்களையும் பயிற்றுவித்து, பள்ளிவாசலில் பேசுவதோடு நிற்காமல் வீடு வீடாகப் போய் விளக்க வைத்தது. பல பிள்ளைகளுக்கு ஒரே பிளேட்டில் கத்னா செய்வது, கையுறையில்லாமல் மய்யித்துக் குளிப்பாட்டுவது போன்ற விஷயங்களையும் அவர்கள் மறைக்காமல் எடுத்துப் பேசினார்கள். ஆணுறை பற்றிப் பேசவே தயங்கிய இமாம்கள், திருமண வாழ்வில் அதன் இடத்தைப் பின்னர் விளக்க முன்வந்தார்கள். ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்பு 1998இல் இந்தத் திட்டத்தைச் சிறந்த நடைமுறைகளில் ஒன்றாக வெளியிட்டது. தென்னாபிரிக்காவின் கேப் டவுனில், கணவர் மூலம் தொற்றுக்குள்ளான ஃபக்மீதா மில்லர் என்ற முஸ்லிம் பெண் தனது நிலையைப் பகிரங்கமாகச் சொன்னார். அறிஞர் ஃபரீத் ஈஸக் உள்ளிட்டோருடன் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ‘பொசிட்டிவ் முஸ்லிம்ஸ்’ என்ற அமைப்பை ஆரம்பித்தார்.

நமது நாட்டில் 2016இல் நடந்ததையும் மறக்கக் கூடாது. குளியாப்பிட்டியப் பகுதியில் ஒரு சிறுவனின் தந்தை எயிட்ஸால் இறந்தார் என்று பரவிய கதையால், அவனைப் பாடசாலையில் சேர்க்க மற்றப் பெற்றோர் விடவில்லை. பரிசோதனையில் அவனுக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தும் எதிர்ப்பு அடங்கவில்லை. கடைசியில் கண்டியிலுள்ள ஒரு பாடசாலை அவனைச் சேர்த்துக்கொண்டது. தொற்று இருந்திருந்தால்கூட வகுப்பில் ஒன்றாக இருப்பதால் மற்றப் பிள்ளைகளுக்கு எதுவும் வந்திருக்காது. இப்படி ஒரு சம்பவத்தைப் பார்க்கிற ஊரில் எத்தனை பேர் துணிந்து பரிசோதிக்கப் போவார்கள்?

ஜனாஸா விஷயமும் அப்படியே. தொற்றோடு மரணித்தவரைக் குளிப்பாட்டாமல் விடவோ, யாரும் நெருங்காமல் அடக்கவோ தேவையில்லை. கையுறை அணிந்து, மேலே ஒரு ஏப்ரன் போட்டு, காயம் இருந்தால் மூடி, முறைப்படி குளிப்பாட்டிக் கபனிடலாம். சொல்லப்போனால், யாருக்கு எந்தத் தொற்று இருந்தது என்று நமக்குத் தெரியாது. எந்த மய்யித்தையும் கையுறையோடு குளிப்பாட்டுவதையே வழக்கமாக்குவது நல்லது. அப்போது எந்தக் குடும்பமும் தனித்துக் கைநீட்டப்படாது.

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிமிடம் உள்ள உரிமை. “உனக்கு எப்படி வந்தது?” என்ற கேள்வி அந்த உரிமைக்குள் வராது. அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடைப்பட்டது. நாம் கேட்க வேண்டியது, “மருந்து ஒழுங்கா எடுக்கிறீங்களா? கிளினிக்குக்குப் போக ஆள் துணை வேணுமா?” என்பதைத்தான்.